மூன்றாண்டு உழைப்பின் கணக்கு

(மைசூரில், காது கேளா மழலையரின் பெற்றோர் சிலர் கூடியிருந்த ஒரு மாலையில் தமிழிலும் இடையிடையே கன்னடத்திலும் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம். கன்னடத்தில் பேசிய பகுதிகள் இங்கே தமிழாக்கித் தரப்படுகின்றன.)



என்னைப் பேச்சாளர் என்று அறிமுகப்படுத்தினார்கள். அது சரியன்று. நான் மொழிபெயர்ப்பாளன். பிறர் சொன்னதை இன்னொரு மொழியில் எழுதித் தருவதே இத்தனை ஆண்டுகளாக என் கட்சிப் பணி. இங்கு வந்ததும் அந்த வேலைக்காகத்தான். கன்னடத்தில் அச்சிட்ட படிவங்களை நிரப்பத் தெரியாமல் தமிழ்நாட்டிலிருந்து வந்த தாய்மார் சிலர் திண்டாடுகிறார்கள், இரண்டு மூன்று நாள் வந்து உதவுங்கள் என்று இவ்வூர்த் தோழர்கள் அழைத்தார்கள். வந்தேன். படிவங்கள் முதல் நாளே முடிந்துவிட்டன. மற்ற இரு நாட்களும் நான் மாணவனாக இருந்தேன். கற்றதைத்தான் இப்போது ஒப்பிக்கப் போகிறேன், பிழையிருந்தால் திருத்துங்கள்.

நேற்றுக் காலை ஏழரை மணிக்கு ஒரு வாடகை அறைக்குச் சென்றிருந்தேன். பத்துக்குப் பன்னிரண்டு அடி இருக்கலாம். அதில் மூன்று தாய்மார், நான்கு குழந்தைகள். ஒருவர் சேலம் மாவட்டத்தவர், ஒருவர் சாமராஜநகர், இன்னொருவர் வயநாடு. ஒருவர் அடுப்படியில் இருக்க, ஒருவர் கைக்குழந்தையை மடியில் வைத்திருக்க, மூன்றாமவர் இரண்டு வயதுப் பிள்ளையின் எதிரே அமர்ந்து, ஒரு கையால் தம் வாயை மறைத்துக்கொண்டு ‘ஆ’ என்றார். பிள்ளை ஒரு புளியங்கொட்டையை எடுத்துக் கிண்ணத்தில் போட்டான். ‘ஈ’ என்றார், போட்டான். ‘ஊ’ என்றார், போட்டான். ‘ம்’ என்றார், சற்றுத் தயங்கிப் போட்டான். ‘ஷ்’, போட்டான். ‘ஸ்’ என்றபோது கை அசையவில்லை. தாய் முகத்தில் கலவரம் இல்லை. காது மெஷினைக் கழற்றி மின்கலத்தை மாற்றினார். மீண்டும் ‘ஸ்’. கொட்டை விழுந்தது.

உங்களுக்கு இது அன்றாடம். இந்த ஆறு ஒலிச் சோதனை டேனியல் லிங் என்ற அறிஞர் வகுத்தது என்றும், பேச்சொலிகளின் தாழ்ந்த அலைவரிசை முதல் உயர்ந்த அலைவரிசை வரை இந்த ஆறும் தொட்டுச் செல்கின்றன என்றும் அந்தத் தாயே எனக்கு விளக்கினார். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர் அவர். தமிழ் முதுகலை படித்த எனக்கோ வேறொன்று தோன்றியது. மூன்று நெடில், ஒரு மெல்லினம் நம்முடையவை. எஞ்சிய இரண்டும் வடவெழுத்து! தனித்தமிழ்ப் பற்றுடைய என் பேராசிரியர் ஒருவர் இந்தக் காட்சியைப் பார்த்திருந்தால் ஸகரத்தை மன்னித்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

தமிழில் பிள்ளைத்தமிழ் என்றொரு இலக்கிய வகை உண்டு. காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி என்று பருவம் பிரித்துப் பாடுவது. ஐந்தாம் திங்களில் தலை நிமிர்த்தி ஆடும், ஒன்பதாம் திங்களில் கைகொட்டும், ஓராண்டில் தளர்நடையிட்டு அழைத்த குரலுக்கு வரும், ஒன்றரை ஆண்டில் நிலவைக் காட்டினால் பார்க்கும் என்று மாதக் கணக்கோடு அமைந்தது. நாங்கள் அதை அணியழகுக்காகப் படித்தோம். இன்று குழந்தைநல மருத்துவமனைச் சுவரில் தொங்கும் வளர்ச்சி அட்டவணையும் கிட்டத்தட்ட அதுவேதான். தால் என்றால் நாக்கு. நாவை அசைத்து ஒலியெழுப்பி ஆட்டுவதால் தாலாட்டு. கன்னடத்தில் அதை ஜோகுள என்கிறீர்கள். எந்த மொழியில் பாடினாலும் அது செவிவழிச் செல்வது. செவி திறக்காத குழந்தைக்குத் தாய் எட்டு மாதம், பத்து மாதம் பாடிக்கொண்டே இருந்திருக்கிறாள். அது அவன் காதில் விழவில்லை என்பது ஒருநாள் தெரியவருகிறது. அந்த நாளைப் பற்றி இங்கு ஒவ்வொருவரும் சொன்னீர்கள். பாத்திரம் விழுந்தது, குழந்தை திரும்பவில்லை. தீபாவளி வெடிக்கும் தூக்கம் கலையவில்லை.

பிறந்த ஒரு மாதத்துக்குள் செவிச் சோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதிப்பாடு, ஆறு மாதத்துக்குள் சிகிச்சைத் தொடக்கம் என்பது உலகெங்கும் மருத்துவர்கள் ஏற்றுக்கொண்ட நெறி. முதல் மூன்றாண்டில் மூளை மொழியைப் பற்றிக்கொள்ளும் வேகம் பிறகு வாய்ப்பதில்லை என்பதே அதன் காரணம். உறங்கும் குழந்தையின் காதில் சிறு குழாய் வைத்துச் சில நிமிடங்களில் முடியும் சோதனை அது. ஆனால் இங்கிருக்கும் பெற்றோரில் பாதிப்பேர் ஒன்றரை வயதுக்குப் பின்பே வந்திருக்கிறீர்கள். ஒரு தாய் பத்தாம் மாதத்திலேயே ஐயப்பட்டு ஒரு மருத்துவமனைக்குச் சென்றிருக்கிறார். “ஆண்பிள்ளைகள் தாமதமாகத்தான் பேசுவார்கள், காத்திருங்கள்” என்று அனுப்பிவிட்டார்கள். காத்திருந்தார், பதினொரு மாதம். அந்தப் பதினொரு மாதத்தை யாரிடம் போய்த் திரும்பக் கேட்பது?

உலக நலவாழ்வு அமைப்பின் மதிப்பீட்டின்படி, கேட்புத்திறன் இழப்புக்காக மறுவாழ்வு உதவி தேவைப்படுவோர் உலகில் 43 கோடிக்கு மேல். அவர்களுள் 3 கோடியே 40 லட்சம் பேர் குழந்தைகள். குழந்தைப் பருவக் கேளாமையில் ஏறத்தாழ 60 விழுக்காடு தடுக்கக்கூடிய காரணங்களால் நேர்வது என்றும் அதே அமைப்பு கூறுகிறது. கருவுற்ற தாய்க்கு வரும் ருபெல்லா அவற்றுள் ஒன்று. தட்டம்மை ருபெல்லாத் தடுப்பூசி இயக்கம் 2017 பிப்ரவரியில் தொடங்கியபோது முதலில் எடுத்துக்கொண்ட பகுதிகளில் கர்நாடகமும் தமிழ்நாடும் இருந்தன. வதந்தியை நம்பி ஊசி வேண்டாம் என்று பள்ளிகளில் மறுத்த பெற்றோரும் அப்போது இருந்தார்கள். நெருங்கிய உறவில் மணம் செய்வதும் ஒரு காரணம். மாமன் மகளையும் அக்காள் மகளையும் கட்டுவது தென்னாட்டில் இன்னும் ஒழியவில்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். சொத்து வெளியே போகக்கூடாது என்று அந்த மணத்தை முடித்துவைத்தவர்கள் குடும்பத்துப் பெரியவர்கள். குழந்தை கேளாமல் பிறந்தால் “உன் வயிற்றுக் கோளாறு” என்று ஏசப்படுபவள் மட்டும் மருமகள்.

இனி மைசூருக்கு வருகிறேன். மானசகங்கோத்ரியில் அகில இந்திய பேச்சு, செவிப்புலன் நிறுவனம் 1960களின் நடுவிலேயே தொடங்கப்பட்டுவிட்டது. ஆட்டோக்காரரிடம் ‘ஸ்பீச் அண்ட் ஹியரிங்’ என்றால் போதும், கொண்டுபோய் இறக்கிவிடுகிறார். அதே மானசகங்கோத்ரியில்தான் 1969இல் நிறுவப்பட்ட இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனமும் இருக்கிறது. என் போன்றவர்களுக்கு மைசூர் என்றால் இதுநாள்வரை அது மட்டுமே. இந்நகரில் காது கேளாக் குழந்தைகளின் பெற்றோர் சங்கமே முன்னின்று நடத்தும் பள்ளியும் இருக்கிறது. அங்கே தாயும் பிள்ளையோடு வகுப்புக்கு வரவேண்டும். வாசலில் காத்திருப்பதற்காக அன்று, கற்பிக்கக் கற்றுக்கொள்வதற்காக. தாய் மற்றப் பிள்ளைகளுக்கும் ஆசிரியை ஆகிறாள். வெளியூர்களிலிருந்தும் அண்டை மாநிலங்களிலிருந்தும் வந்து, அறை எடுத்துத் தங்கி, மூன்று ஆண்டுகள் இப்படிப் படிக்கிறார்கள். சத்தியமங்கலம் வழியாக வருபவர்கள் திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவுகளில் வாந்தியெடுக்கும் குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு வருகிறார்கள்.

அந்த அறைகளில் நடப்பதைத்தான் நான் சொல்ல விரும்புகிறேன். வெண்டைக்காய் நறுக்கும்போது, “இது வெண்டைக்காய். பச்சை. பிசுபிசு என்று இருக்கிறது, தொட்டுப்பார்” என்று தாய் பேசிக்கொண்டே இருக்கிறாள். குளிப்பாட்டும்போது பேச்சு, துணி மடிக்கும்போது பேச்சு. பகலில் பிள்ளை கண்டது எதுவோ, பசு சாணமிட்டதோ பேருந்தில் நடத்துநர் சிரித்ததோ, அதை இரவில் ஒரு நோட்டில் படமாக வரைந்து கீழே ஒரு வரி எழுதுகிறாள். மறுநாள் அதுவே பாடம். ஓவியம் வராதவருக்கு வேறொருவர் வரைந்து தருகிறார். அறைத்தோழி வகுப்பில் இருக்கும்போது அவருடைய கைக்குழந்தைக்குச் சாதம் ஊட்டுபவர் இன்னொருவர். ஒருவர் மின்கலம் தீர்ந்தால் மற்றவர் பெட்டியிலிருந்து எடுத்துக்கொள்கிறார். மாதக் கடைசியில் கணக்கு நேர் செய்கிறார்கள். சில நேரம் செய்வதில்லை. காது வளர வளரக் காதுக்குள் பொருத்தும் அச்சு தளர்ந்து கீச்சிடும், சில மாதங்களுக்கு ஒருமுறை புது அச்சு எடுக்கவேண்டும் என்பதைப் புதிதாக வந்தவருக்குச் சொல்வது மருத்துவர் அல்லர், ஓராண்டு முன்னால் வந்த தாய்.

இவையெல்லாம் இனிமையாக நடக்கின்றன என்று நான் கதை கட்டமாட்டேன். தண்ணீருக்காகச் சண்டை வருகிறது. ஒருவர் பிள்ளை பத்துச் சொல் சொல்ல, தன் பிள்ளை இரண்டிலேயே நிற்கும்போது மனம் கசக்கிறது. அன்று இரவு அடுத்த பாயில் படுத்திருப்பவரிடம் பேச்சு நின்றுவிடுகிறது. சாதி கேட்டு, அடுப்பைப் பிரித்துக்கொண்ட அறையும் ஒன்று இருந்ததாம். அதை என்னிடம் சொன்னவரே, பிரித்த மறுவாரம் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தபோது இரவு இரண்டு மணிக்கு ஆட்டோ பிடித்து வந்தவர் யார் என்பதையும் சொன்னார். அடுப்பு மீண்டும் ஒன்றாயிற்று.

லெனின் 1919இல் எழுதிய ‘மாபெரும் தொடக்கம்’ என்னும் சிறு நூலில் பொது உணவகம், குழந்தைக் காப்பகம், மழலையர் பள்ளி ஆகியவற்றைக் கம்யூனிசத்தின் முளைகள் என்று குறிப்பிடுகிறார். பெண்ணைச் சமையலறையிலிருந்தும் தொட்டிலடியிலிருந்தும் விடுவிக்கும் எளிய, பகட்டில்லாத வழிகள் என்பது அவர் கருத்து. ‘முளை’ என்பதா ‘தளிர்’ என்பதா என்று ஒருமுறை நான் நெடுநேரம் விவாதித்ததுண்டு. அந்த நாட்களில் என் மகளுக்கு ஏழு மாதம். இரவில் அவள் அழும்போதெல்லாம் எழுந்தவர் என் துணைவியார். நான் மேசையில் அமர்ந்து பெண் விடுதலை குறித்த தீர்மானத்தைத் தமிழாக்கிக்கொண்டிருந்தேன். ஆகவே தந்தையரைக் குறைசொல்லும் தகுதி எனக்குக் குறைவு. இருந்தாலும் கேட்கிறேன்: பெரியாழ்வார் தாயின் நிலையில் தன்னை வைத்துக் கண்ணனுக்குத் தாலாட்டுப் பாடிய மண் இது. நம்மில் எத்தனை பேருக்கு நம் பிள்ளையின் காது மெஷினைக் கழற்றி மாட்டத் தெரியும்? மாதம் ஒருமுறை வந்து, வாடகை தந்து, “இன்னும் எத்தனை நாள் ஆகும்” என்று கேட்டுவிட்டுப் போவதோடு நம் பங்கு முடிகிறதா?

தந்தையர் நிலையையும் சொல்லத்தான் வேண்டும். ஊரில் தறி ஓட்டியோ கட்டட வேலை செய்தோ இரண்டு அடுப்புக்குச் சம்பாதிக்கிறார்கள். இங்கே மனைவிக்குக் கூலி நின்றுபோயிற்று. கணக்கு இங்குதான் வருகிறது.

கருவிக்கு அரசு பணம் தருகிறது, மறுக்கவில்லை. ஒன்றிய அரசின் ‘அடிப்’ திட்டம் 2014இல் திருத்தப்பட்டபோது, காக்ளியர் கருவிக்காகக் குழந்தை ஒன்றுக்கு ஆறு லட்சம் ரூபாய் வரை என்றும், ஆண்டுக்கு 500 குழந்தைகள் என்றும் வரையறுத்தார்கள். நாட்டில் ஆண்டுதோறும் இரண்டு கோடிக்கு மேல் பிறப்பு. ஆயிரத்துக்கு ஒருவர் என்று மிகக் குறைத்துக் கணக்கிட்டாலும் இருபதாயிரத்துக்குமேல் வரும். எல்லோருக்கும் அறுவை தேவையில்லை, பலருக்குக் காது மெஷினே போதும் என்று கழித்தாலும் 500 எங்கே நிற்கிறது? தமிழ்நாட்டில் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தின் கீழும் இந்த அறுவை நடக்கிறது. பல குடும்பங்கள் அதனால்தான் பிழைத்தன. ஆனால் கருவியைப் பொருத்திய அன்றே குழந்தை பேசிவிடுவதில்லை. பேச வைப்பது அதற்குப் பின் வரும் ஆண்டுகளின் பயிற்சி. அந்தப் பயிற்சியில் முக்கால் பங்கு தாயின் உழைப்பு. கருவிக்கு விலை போட்ட அரசு அந்த உழைப்புக்கு ஒரு காசும் போடவில்லை. உத்தரவாதக் காலம் முடிந்து வெளிக்கருவி பழுதானால் அந்தச் செலவும் குடும்பத்தின் தலையில்.

ஒன்றிய அரசின் பெண் ஊழியருக்குக் குழந்தைப் பராமரிப்பு விடுப்பு 730 நாள் உண்டு. போராடிப் பெற்ற நல்ல உரிமை. ஊதுவத்தி உருட்டும் மைசூர்ப் பெண்ணுக்கு, பீடி சுற்றும் பெண்ணுக்கு, ஆயத்த ஆடை ஆலைத் தொழிலாளிக்கு என்ன உண்டு? முப்பதுக்கு மேற்பட்ட பெண்கள் வேலை செய்யும் ஆலையில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்றது 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம். ஐம்பது பேர் வேலைசெய்யும் எந்த நிறுவனத்திலும் வேண்டும் என்றது 2017இல் திருத்திய மகப்பேறு நலச் சட்டம். வீட்டுத் திண்ணையில் ஊதுவத்தி உருட்டுபவளை எந்த எண்ணிக்கையில் சேர்ப்பது? அவள் வீடே ஆலை, அவள் மடியே காப்பகம்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016. அதன் 24ஆம் பிரிவைத் தோழர்கள் நேற்று என்னிடம் கொடுத்துத் தமிழில் சொல்லச் சொன்னார்கள். மிகுந்த ஆதரவு தேவைப்படும் மாற்றுத்திறனாளிகளுக்குப் பராமரிப்பாளர் படி வழங்கத் திட்டம் வகுக்கவேண்டும் என்கிறது அது. மிகுந்த ஆதரவு என்பதற்கு இலக்கணம் கூறுமிடத்தில் கல்வியும் சிகிச்சைப் பயிற்சியும் சேர்க்கப்பட்டுள்ளன. அப்படியானால் இரண்டு வயதுக் கேளாக் குழந்தைக்கு மொழி கற்பிக்க ஒரு முழு மனிதர் முழுநேரம் வேண்டியிருப்பது மிகுந்த ஆதரவு இல்லாமல் வேறென்ன என்று நாம் வாதிட முடியும், வாதிட வேண்டும். ஆனால் அதே பிரிவின் தொடக்கத்தில் ஒரு சிறு தொடர் பதுங்கியிருக்கிறது: அரசின் பொருளாதார ஆற்றல், வளர்ச்சி ஆகியவற்றின் எல்லைக்கு உட்பட்டு என்று. மொழிபெயர்ப்பாளனுக்கு இத்தகைய தொடர்கள் பழக்கம். கையால் கொடுத்ததை முழங்கையால் தட்டிவிடும் சொற்கள் அவை.

சகோதரி ஒருவர் கேட்டார்: “வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம். என் மகளிடம் எந்த மொழியில் பேசுவது?” பயிற்றுநர்கள் சொல்வதைத்தான் நானும் சொல்வேன். உங்களுக்குத் தடையின்றி வரும் மொழியில் பேசுங்கள். கொஞ்சவும் கோபிக்கவும் கதை சொல்லவும் எந்த மொழி வருமோ அதில். மாமியார் ஆங்கிலப் பள்ளியை நினைத்து ‘ஆப்பிள், பால்’ என்று சொல்லிக்கொடுக்கச் சொல்கிறாராம். பாட்டி எந்த மொழியில் பேசுவாரோ அந்த மொழி தெரியாத பேத்தி பாட்டிக்கு எதற்கு என்று கேளுங்கள்.

இன்னொன்றைச் சொன்னால் உங்களில் சிலருக்குப் பிடிக்காமல் போகலாம். கை அசைத்தால் பேச்சு வராது என்று குழந்தையின் கையைப் பிடித்து வைக்கும் வழக்கம் இன்றும் இருக்கிறது. 1880இல் மிலான் நகரில் கூடிய ஆசிரியர் மாநாடு சைகைமொழியை வகுப்பறையிலிருந்து விலக்கத் தீர்மானித்தது. அதன் நிழல் நூறாண்டுக்கு மேல் நீண்டது. சைகை என்பது அரைகுறைப் பேச்சன்று. சொல்லும் இலக்கணமும் உடைய முழு மொழி. இந்திய சைகைமொழிக்கு ஆய்வு, பயிற்சி மையம் 2015இல்தான் வந்தது, அம்மையத்தின் முதல் அகராதி 2018இல். கேளாதோர் அமைப்புகள் தங்கள் மொழிக்கு அரசியலமைப்பு ஏற்பு கேட்டுப் போராடுகின்றன. மொழியுரிமை பேசும் நாம் அந்தப் பக்கம்தான் நிற்க வேண்டும். உங்கள் பிள்ளை வாயால் பேசக் கற்கட்டும், மகிழ்ச்சி. எல்லாக் குழந்தைகளுக்கும் அது ஒரே அளவில் வாய்ப்பதில்லை. வாய்க்காத பிள்ளையின் தாய் தோற்றவள் என்று இந்த அறைகளில் ஒருவர்கூட நினைக்கக்கூடாது. கேளாத வளர்ந்தவர்கள் இவ்வூரில் இருக்கிறார்கள். மைசூரில் காது கேளாதோருக்கும் பார்வையற்றோருக்குமான பள்ளி 1901இலேயே ஏற்பட்டது. அவர்களில் இருவர் மூவரை நம் கூட்டத்துக்கு அழையுங்கள் என்பது என் வேண்டுகோள்.

கடைசியாக அங்கன்வாடி. 1975 அக்டோபர் 2ஆம் நாள் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் தொடங்கியபோது, கர்நாடகத்தில் முதலில் தேர்ந்தெடுக்கப்பட்டது இங்கிருந்து அதிகத் தொலைவில்லாத தி. நரசீபுரம். நூறு மையங்களோடு தொடக்கம். ஒரு கேளாக் குழந்தையை முதலில் கண்டறியக்கூடியவர் அந்த மையத்து ஊழியர்தான். தட்டொலிக்குத் திரும்பாத பிள்ளை அவர் கண்ணில்தான் முதலில் படும். மாற்றுத்திறன் குழந்தைகளுக்கான அங்கன்வாடி நெறிமுறை ஒன்றை 2023 நவம்பரில் ஒன்றிய அமைச்சகம் வெளியிட்டது. நன்று. ஆனால் அந்த நெறிமுறையைச் செயல்படுத்த வேண்டிய ஊழியருக்கு ஒன்றிய அரசு தரும் மதிப்பூதியம் 2018 அக்டோபரில் நிர்ணயித்த 4,500 ரூபாய், உதவியாளருக்கு 2,250. தொழிலாளி என்ற பெயரே தரவில்லை. 2017 மார்ச்சில் பெங்களூருத் தெருக்களில் ஆயிரக்கணக்கில் இரவும் பகலும் அமர்ந்திருந்தார்களே, அவர்களில் பலர் கைக்குழந்தையோடு வந்திருந்தார்கள். கர்நாடக அரசு நாலாயிரம் ஊராட்சிகளில் ‘கூசின மனே’ என்ற குழந்தைக் காப்பகம் அறிவித்தது. கூசு என்றால் குழந்தை, அழகான பெயர். அதில் செவித்திறன் குறைந்த குழந்தையைச் சேர்த்துக்கொள்ளப் பயிற்சி பெற்றவர் உண்டா என்று நீங்கள் கேட்டபோது, இல்லையென்ற பதிலே வந்ததாம். அந்தக் கேள்வியை எழுத்தில் கேட்போம்.

மனுவின் வரைவு ஆயத்தமாக இருக்கிறது. தமிழ், கன்னடம் இரண்டிலும் வாசித்துக் காட்டுகிறேன். பயிற்சிக் காலம் முழுவதும் தாய்க்கோ தந்தைக்கோ மாதந்தோறும் பராமரிப்பாளர் படி. வெளியூர்ப் பெற்றோருக்கு வாடகையில்லாத் தங்குமிடம், கைக்குழந்தைகளுக்கு அங்கேயே காப்பகம். உத்தரவாதம் முடிந்த கருவிகளுக்கு அரசுச் செலவில் பழுதுபார்ப்பு. எல்லாப் பிரசவ மருத்துவமனைகளிலும் வீடு திரும்புமுன் செவிச் சோதனை. தமிழ்நாட்டு அரசுக்கும் ஒரு படி போகவேண்டும். இங்கே படிக்கும் பிள்ளைகளில் பலர் அம்மாநிலத்தவர்.

நாளை காலை பத்தரை மணிக்கு மாவட்ட ஆட்சியர் அலுவலகம். கையெழுத்திட்ட தாய்மார் அனைவரும் வரவேண்டும். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள மூன்று தந்தையர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். ஈரோட்டுக்காரர் பால் காய்ச்சத் தெரியும் என்கிறார். மற்ற இருவருக்கும் இன்றிரவே காது மெஷினை மாட்டக் கற்றுக்கொடுத்துவிடுங்கள். நான்காவதாக என் பெயரையும் எழுதிக்கொள்ளுங்கள்; ஆறு ஒலியும் எனக்கு மனப்பாடம், புளியங்கொட்டை மட்டும் யாராவது கொடுத்தால் போதும்.